சன்ஸ்கிரீன் போட்டும் முகம் கறுக்குதா? எஸ்.பி.எஃப். எண்ணை விட முக்கியமான விஷயம் இதுதான்!

கோடை வந்துவிட்டாலே மெடிக்கல் ஷாப்களில் சன்ஸ்கிரீன் விற்பனை சூடுபிடித்துவிடும். ஆனால் ‘500 ரூபாய் கொடுத்து வாங்கினேன், ஒரு பலனும் இல்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் தப்பு கிரீமில் இல்லை. பூசுகிற அளவில் இருக்கிறது.

எஸ்.பி.எஃப். என்றால் என்ன?

சருமத்தைச் சிவக்க வைத்து எரியச் செய்யும் யு.வி.பி. கதிர்களை ஒரு கிரீம் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. எஸ்.பி.எஃப். 15 சுமார் 93 சதவீதமும், 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும். அதாவது 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம், விலையைப் பார்த்து நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. எஸ்.பி.எஃப். 50 என்றால் அதிக நேரம் தாங்கும் என்பதும் தவறான கணக்கு. எந்த எண்ணாக இருந்தாலும் வெளியில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசியாக வேண்டும்.

நம் ஊரில் பலருக்குப் பிரச்சினை தோல் எரிவதில்லை, கறுப்பதும் மங்கு விழுவதும்தான். இதில் யு.வி.ஏ. கதிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். இதற்கான பாதுகாப்பை எஸ்.பி.எஃப். எண் சொல்லாது. அதற்கு டியூபில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்றோ, ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளும் பக்கத்தில் + குறிகளும் இருக்கிறதா என்றோ பாருங்கள். மூன்று + இருந்தால் நல்லது, நான்கு இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் ‘டின்டட்’ வகை கூடுதலாக உதவும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்பதுதான் காரணம்.

எவ்வளவு பூசணும்?

ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் சோதிக்கிறார்கள். நம்மில் பலர் பூசுவது அதில் பாதி கூட இருக்காது. அப்படியென்றால் டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பும் கிடைக்காது.

சுலபமான அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகக் கோடு போட்டு எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். இது ஏறக்குறைய 1 கிராம். இந்தக் கணக்கில் தினமும் இரண்டு முறை பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதத்துக்குள் காலியாகிவிடும். உங்க வீட்டு டியூப் நாலு மாசமா ஓடுதுன்னா, நீங்க பூசுறது பத்தலைன்னு அர்த்தம்! அதனால், விலை கூடினதை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதை விட, விலை குறைந்த எஸ்.பி.எஃப். 30-ஐத் தாராளமாகப் பூசுவதே லாபம்.

மாய்ஸ்சரைசர் முதலில், அதன்மேல் சன்ஸ்கிரீன், மேக்கப் கடைசியில். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். காது, பின்கழுத்து, புறங்கை, பாதம் இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறோம். பைக் ஓட்டுபவர்களுக்குப் புறங்கை ரொம்ப முக்கியம். வியர்த்துக் கொட்டினால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூசவும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டிருந்தாலும் தாங்குவது 40 அல்லது 80 நிமிடம்தான். டியூபை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள், கெட்டுப்போகும்.

அக்னி நட்சத்திரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்

சூடும் புற ஊதாக் கதிரும் ஒன்றல்ல. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும், கன்னியாகுமரியில் அதற்கும் முன்பே ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆகவே கத்திரி தொடங்கும் முன்பே கதிர்கள் உச்சத்தில் இருக்கும். கடற்கரையில் காற்று ஜில்லென்று வீசினாலும் கதிர் குறையாது. போனில் உள்ள வானிலை ஆப்பில் ‘யு.வி. இண்டெக்ஸ்’ பாருங்கள். 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு தேவை. 11-ஐத் தொட்டால் மிகத் தீவிரம்.

நாள் முழுக்க ரோட்டில் நிற்கும் டெலிவரி ஊழியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம் பூச முடியுமா என்ன? அவர்களுக்குக் குடை, அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டைதான் முதல் காவல். மெல்லிய வெள்ளைத் துணியை விட நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி கதிர்களை அதிகம் தடுக்கும்.

யாரெல்லாம் கவனமாக இருக்கணும்?

6 மாதத்துக்குக் குறைவான குழந்தைகளுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலே போதும். சென்சிட்டிவ் சருமம் உள்ளவர்கள் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவற்றைத் தேர்வு செய்யலாம். கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. கறுமை போக எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போவது இன்னும் மோசம். சாறு பட்ட இடம் வெயிலில் புண்ணாகி, கருந்தழும்பு விழலாம். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயில் சீக்கிரமே தோலைப் பாதிக்கும் என்பதால், எந்த வகை பூசலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.