சட்டம் காவல் காத்த ஏகபோகம்

உலாவிகளுக்கிடையிலான போட்டியின் வரலாறு பெரும்பாலும் சில அமெரிக்க நிறுவனங்களின் வெற்றி தோல்விக் கதையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1994 டிசெம்பரில் நெற்ஸ்கேப் வெளிவந்தது. 1995 ஓகஸ்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் இன்ரநெற் எக்ஸ்புளோரரை அறிமுகஞ் செய்தது. விண்டோஸுடன் இலவசமாக இணைத்து வழங்கப்பட்ட எக்ஸ்புளோரர் சில ஆண்டுகளிலேயே நெற்ஸ்கேப்பை வீழ்த்தியது. பின்னர் 2004 இல் பயர்பொக்ஸும் 2008 இல் குரோமும் வந்து அந்த ஏகபோகத்தைத் தகர்க்கத் தொடங்கின.

ஆனால், தென்கொரியாவில் அது தகர்வதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. அதற்குக் காரணம் சந்தையல்ல, சட்டமேயாகும்.

1990 களில் வலுவான குறியாக்க மென்பொருட்களின் ஏற்றுமதியை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்தது. வெளிநாட்டவருக்குக் கிடைத்த உலாவிகளில் 40 பிற் குறியாக்கமே இருந்தது. வங்கிப் பரிமாற்றங்களுக்கு அது போதாதென்று கருதிய கொரியர்கள், சீட் என்ற 128 பிற் குறியாக்க முறையைத் தாமாகவே உருவாக்கிக்கொண்டனர். 1999 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கையொப்பச் சட்டம் அரச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்களுக்கு வழிவகுத்தது. இணைய வங்கிச் சேவைக்கு அச்சான்றிதழ்கள் கட்டாயமாயின.

சீட் முறையை உலாவிகள் அறியமாட்டா. எனவே, இணையத்தளத்திலிருந்து கணினிக்குள் நிரலை நிறுவும் மைக்ரோசொப்டின் அக்டிவ்எக்ஸ் தொழில்நுட்பம் துணைக்கழைக்கப்பட்டது. அது எக்ஸ்புளோரரில் மாத்திரமே இயங்கியது. 2000 இல் அமெரிக்கா தனது கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் இந்த ஏற்பாட்டுக்கான மூலகாரணம் மறைந்துவிட்டது. ஏற்பாடோ மறையவில்லை.

விளைவு, அப்பிள் கணினியையோ லினக்ஸையோ பயன்படுத்திய கொரியக் குடிமகன் தனது சொந்த நாட்டு வங்கியின் இணைய வாசலில் நிற்கவேண்டியவனானான். நிரல்களை நிறுவுமாறு கேட்கும்போதெல்லாம் 'ஆம்' என்று அழுத்திப் பழகிய மக்களின் கணினிகளுக்குள் தீங்கான நிரல்களும் இலகுவாக நுழைந்தன. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு பாதுகாப்பையே பலவீனப்படுத்தியது. கொரியாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் கிம் கீ சாங் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 2009 இல் அதியுயர் நீதிமன்றத்திலும் அவருக்குத் தோல்வியே கிட்டியது.

அதேகாலத்தில் ஐரோப்பாவில் சட்டம் எதிர்த்திசையில் இயங்கியது. 2010 முதல் பல உலாவிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் திரையைப் பயனாளர்களுக்குக் காட்டவேண்டிய கடப்பாட்டுக்கு மைக்ரோசொப்ட் உட்பட்டது. அதனை மீறியமைக்காக 2013 இல் ஐரோப்பிய ஆணைக்குழு 561 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது.

கொரிய ஆட்சியாளர்களின் கண்களைத் திறந்தது ஒரு மேலங்கி என்றால் நம்புவது கடினம். பிரபல தொலைக்காட்சி நாடகமொன்றின் கதாநாயகி அணிந்திருந்த மேலங்கியைக் கொரிய இணையக் கடைகளில் வாங்குவதற்குச் சீன இரசிகர்களால் இயலவில்லை என்று 2014 மார்ச்சில் ஜனாதிபதி பார்க் குன் ஹே குறைப்பட்டுக்கொண்டார். சொந்தக் குடிமக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டும் அசையாத விதிகள், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பணம் கைநழுவுகிறது என்றதும் அசையத் தொடங்கின. 2020 டிசெம்பரில் அச்சான்றிதழ் முறை சட்டரீதியாக முடிவுக்கு வந்தது. 2022 ஜூன் 15 இல் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசொப்டும் நிறுத்தியது. அப்போது கொரியப் பொறியியலாளர் ஒருவர் கியோங்ஜு நகரில் அதற்குக் கல்லறைக்கல் ஒன்றை நாட்டினார்.

தொழில்நுட்பமொன்றைச் சட்டமாக எழுதிவைப்பது இலகுவானது. அதன் தேவை தீர்ந்த நாளில் அதனை நீக்குவதற்குத்தான் ஒரு தலைமுறைக்காலம் தேவைப்படுகிறது.