ஒமாஹாவின் ஒற்றை வாக்கு

அமெரிக்க அதிபர் தேர்தலில் நெப்ராஸ்காவுக்கு ஐந்து தேர்வாளர் வாக்குகள். மெயின் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் முந்தியவருக்கே மொத்தமும். இங்கே மாநில அளவில் முந்தியவருக்கு இரண்டு. மூன்று காங்கிரஸ் தொகுதிகளுக்கும் தலா ஒன்று. 1991-ல் டயானா ஷிமெக் என்ற மாநில செனட்டர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் இது. ஆனாலும் அடுத்த நான்கு தேர்தல்களில் ஐந்தும் குடியரசுக் கட்சிக்கே போயின.

2008-ல்தான் ஒமாஹா நகரம் அடங்கிய இரண்டாவது தொகுதி ஒபாமா பக்கம் சாய்ந்தது. 1964-க்குப் பிறகு நெப்ராஸ்காவிலிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த முதல் தேர்வாளர் வாக்கு! அடுத்த இரண்டு தேர்தல்களில் கைநழுவிப் போய், 2020-ல் பைடனுக்குக் கிடைத்தது.

அந்த வாக்கு போன வழியை விரிவாகவே சொல்ல வேண்டும். டிசம்பர் 14 அன்று தலைநகர் லிங்கனில் ஐந்து தேர்வாளர்களும் கூடினார்கள். டிரம்ப்புக்கு நான்கு, பைடனுக்கு ஒன்று. பரம எதிரிகளாகப் பிரச்சாரம் செய்த இரு கட்சிக்காரர்களும் ஒரே சான்றிதழில் கையெழுத்திட்டார்கள். அந்தத் தாள் வாஷிங்டன் போய், 2021 ஜனவரி 6 அன்று மகாகனி மரப்பெட்டிக்குள் நாடாளுமன்றம் வந்தது. மாநிலங்களை ஆங்கில அகரவரிசைப்படி வாசிப்பார்கள். அரிசோனாவோடு வாசிப்பு நின்றது. தோல்வியை ஏற்காத டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் கட்டடத்துக்குள் புகுந்தது. செனட் ஊழியர்கள் பெட்டிகளைக் கையோடு தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் அன்று அப்படிச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது. நெப்ராஸ்காவின் முறை வரும்போது நள்ளிரவை நெருங்கிவிட்டது.

2024-ல் இந்த ஒற்றை வாக்குக்குத் தனி மவுசு வந்தது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவோடு ஒமாஹாவும் சேர்ந்தால், ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு வெற்றிக்கு வேண்டிய 270 சரியாகக் கிடைத்துவிடும். ஒமாஹா இல்லையென்றால் 269-க்கு 269. சட்டத்தையே மாற்றிவிட டிரம்ப் தரப்பு முனைந்தது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தின் 49 பேர் கொண்ட ஒற்றை அவையில், விவாதத்தை இழுத்தடிக்கும் முட்டுக்கட்டையைத் தாண்ட 33 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்த மைக் மெக்டொனெல், தேர்தல் நெருங்கிய நேரத்தில் சட்டத்தை மாற்ற ஒப்பமாட்டேன் என்றார். அத்தோடு முயற்சி நின்றது. ஒமாஹா மக்கள் வெள்ளைப் பலகையில் நீலப் புள்ளி வரைந்து வீட்டு வாசல்களில் நட்டு வைத்தார்கள். தொகுதி ஹாரிஸுக்கே கிடைத்தது. அந்த மூன்று மாநிலங்களும் டிரம்ப்பிடம் போனதால் முடிவு மாறவில்லை.

தொகுதி எல்லையை வரைபவர்கள் அரசியல்வாதிகள்தான்; கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே இந்த வாக்கைப் பறித்துவிடலாம். அந்தக் குறை தெரிந்தும், நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். மாநிலத்தின் பெரும்பான்மைக்கு எதிராக வாக்களித்த ஒரு நகரத்தின் குரல், வாஷிங்டன்வரை அழியாமல் போய்ச் சேர இது ஒன்றே வழி. 2025 ஏப்ரலில் இதை மாற்றக் கோரும் மசோதா மறுபடியும் வந்தது. 33 பேர் சேரவில்லை.