ரத்தத்திலிருந்து கண்ணீர்

கண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மட்டும்தான் என்றால் உலர்ந்த கண்ணுக்கு மருந்து தேடி மருத்துவர்கள் இத்தனை காலம் அலைந்திருக்க வேண்டியதில்லை...

1933ல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் தன் ஆய்வேட்டில் கண் வறண்டுபோன 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. (அன்று அந்த ஆய்வேட்டுக்குப் பெரிய மதிப்புக் கிடைக்கவில்லை. இன்று நோய்க்கே அவர் பெயர்தான்!)

செயற்கைக் கண்ணீர் ஈரம் தரும். ஆனால் கருவிழியின் மேல்தோலை வளர்க்கும் வைட்டமின் ஏ, வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் அதில் கிடையாது. அவை ரத்தத்தில் இருக்கின்றனவே, அதையே சொட்டாக விட்டால் என்ன?

1975ல் ரால்ஃப், டோன், டால்மன் என்ற மூவர், சேதமடைந்த கண்களுக்குள் சிறு பம்ப் மூலம் இதைச் செலுத்திப் பார்த்தார்கள். 1984ல் அமெரிக்காவில் ராபர்ட் ஃபாக்ஸ் குழு, நோயாளியின் சொந்த சீரத்தையே உலர்ந்த கண்ணுக்கு விட்டது. ஆனாலும் 1999ல் ஜப்பானின் கசுவோ சுபோட்டா எழுதிய பிறகுதான் இந்த முறை பரவலானது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ரத்தம் உறையாமல் தடுத்து, அணுக்களைப் பிரித்தால் கிடைப்பது பிளாஸ்மா. உறையவிட்டு மேலே தெளிந்து நிற்பதை எடுத்தால் அது சீரம். உறையும்போது தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டிவிடுவதால் சீரத்தில் அவை அதிகம். எல்லாமே நல்லதும் இல்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற ஒன்று கண்ணீரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 5 மடங்கு சீரத்தில் உண்டு. அது கூடினால் புண் ஆறுவது தாமதமாகும். அதனால்தான் 20 சதவீதமாக நீர்க்க வைத்தார்கள்.

சரி, உண்மையிலேயே வேலை செய்கிறதா? 2001ல் வெளியான ஓர் ஆய்வில் 12 நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் சீரம், மறு கண்ணில் வெறும் சலைன் விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கண்களுமே தேறின! வித்தியாசத்தை நிரூபிக்க முடியவில்லை. 2004ல் 16 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலோ, மூன்று மாதம் சீரம், மூன்று மாதம் வழக்கமான சிகிச்சை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தபோது சீரமே ஜெயித்தது.

இப்படி முடிவுகள் முட்டிக்கொள்ளக் காரணம், ஆய்வுகள் எல்லாமே சின்னவை என்பதுதான். 2017ல் காக்ரேன் குழு தேடி எடுத்த தரமான சோதனைகள் ஐந்தே ஐந்து. எல்லாம் சேர்த்து 92 பேர். செயற்கைக் கண்ணீரைவிட முதல் இரண்டு வாரம் சற்று நிவாரணம் இருக்கலாம், அதற்குமேல் சான்று இல்லை என்றது அந்த அறிக்கை. தன் ரத்தத்தைத் தானே சொட்டிக்கொள்ளும் மருந்தைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது. பெரிய ஆய்வுக்குப் பணம் போட யார் வருவார்கள்?

ஆனால் இமை மூடினாலே மணல் உரசுவதுபோல் வலிக்கிறவர்கள் அறிக்கைக்காகக் காத்திருப்பதில்லை. அவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, சீரத்தைச் சிறு குப்பிகளில் வாங்கி உறைய வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து விட்டுக்கொள்கிறார்கள்.