ஜேசன்: ஒப்ஜெக்டை எழுத்தாக்கிய கதை



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜேசன் என்றால் நெளிந்த அடைப்புக்குறிகள்தான். அதன் பின்னால் இருக்கும் வரலாற்றை நாம் சொல்லிக் கொடுப்பது குறைவு.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலில் ஒப்ஜெக்ட் கணினியின் நினைவகத்தில்தான் இருக்கிறது. இன்னொரு கணினிக்கு அனுப்புவதென்றால் அதை வரிசையான பைட்டுகளாக்க வேண்டும். 1997இல் ஜாவா மொழி இந்த வசதியைத் தன்னுள்ளேயே தந்தது. தரவோடு வகுப்பின் பெயரையும் சேர்த்தே அனுப்பியது. வசதிதான். ஆனால் பெறுபவரின் கணினியில் எந்த வகுப்பு உயிர்பெற வேண்டும் என்பதை அனுப்புபவர் தீர்மானித்தார். ஊடுருவல்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெயின்ஹோல்டே 2018இல் அதை ஒரு பயங்கரத் தவறு என்றார்.

2001இல் டக்ளஸ் குரொக்ஃபோர்டும் சிப் மோர்னிங்ஸ்டாரும் வேறு வழியில் போனார்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒப்ஜெக்டை எழுதும் முறையையே தரவு அனுப்பப் பாவித்தார்கள். உலாவிக்கு அது ஏற்கெனவே தெரிந்த மொழி. அவர்களது முதற் செய்தியே தோற்றுப்போனது! அதில் 'டூ' என்றொரு பெயர் இருந்தது. அது ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென ஒதுக்கிய சொல். அதனால்தான் பெயர்கள் எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் போடும் விதி வந்தது. தான் ஜேசனைக் கண்டுபிடித்தேனே தவிர உருவாக்கவில்லை என்பார் குரொக்ஃபோர்ட். எமக்கு அந்தப் பணிவு பிடித்திருக்கிறது.

ஜேசனில் வகுப்பின் பெயர் கட்டாயமில்லை, செயல்களும் போகாது. தரவு மட்டுமே போகும். 2008இல் கூகுள் வெளியிட்ட ஜிசனில், 'இதை மாணவர் வகுப்பாக்கு' என்று சொல்பவர் பெறுபவர்தான். ஆனாலும் ஆரம்பத்தில் பலர் வந்த எழுத்தை 'ஈவால்' மூலம் நிரலாகவே ஓட்டினார்கள். பழைய ஆபத்து வேறு வாசலால் வந்தது. 2009இல்தான் பாதுகாப்பாக வாசிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டின் நியமத்திலேயே சேர்ந்தது.

எண்களில் இன்னொரு சிக்கல். 9007199254740993 என்று அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் கடைசி இலக்கத்தை 2 என்று வாசிக்கும். டுவிட்டரின் பதிவு இலக்கங்கள் இந்த எல்லையைத் தாண்டப் போனபோது, 2010இல் அதே இலக்கத்தை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள்.

செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளே, 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தை எண்ணாக அனுப்பாதீர்கள். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் வர ஜேசன் விடாது, மேற்கோளுக்குள் போடுங்கள்.