ஃபியூஸ் அடிக்கடி போகுதா? தடிமனான கம்பி போடலாமா? ஆம்பியர் கணக்கு இதுதான்!

கீசர் ஓடும்போது அயர்ன் பாக்ஸ் போட்டால் 'டப்'புனு கரன்ட் போகும். "இன்னும் ரெண்டு இழை சேர்த்துக் கட்டுப்பா, இனிமே போகாது" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்வது பல வீடுகளில் வழக்கம். அப்படிக் கட்டினால் ஃபியூஸ் போகாதுதான். ஆனால் சுவருக்குள் இருக்கும் வயர் எரியலாம்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது?

டிவி, ஃபிரிட்ஜைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வயரைக் காப்பது. தாங்கும் அளவைவிட அதிக மின்சாரம் பாய்ந்தால் வயர் சூடாகும், மேலுள்ள பிவிசி உருகும், தீப்பிடிக்கும். அதற்கு முன்பே ஃபியூஸ் உருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எனவே, ஃபியூஸின் ஆம்பியர் வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டவே கூடாது.

கணக்கு போடுவது எப்படி?

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட்.

* 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ்: சுமார் 4.3 ஆம்பியர்
* 2000 வாட்ஸ் கீசர்: சுமார் 8.7 ஆம்பியர்
* 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர்: சுமார் 13 ஆம்பியர்

இன்ஸ்டன்ட் கீசரும் அயர்ன் பாக்ஸும் ஒரே லைனில் ஓடினால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். அந்த லைனில் 10 ஆம்பியர் எம்சிபி இருந்தால் ட்ரிப் ஆகத்தான் செய்யும். இதற்குத் தீர்வு பெரிய எம்சிபி அல்ல, கீசருக்குத் தனி லைன்.

17 ஆம்பியரில் ட்ரிப் ஆகுமா?

16 ஆம்பியர் எம்சிபி, 17 ஆம்பியர் வந்ததும் ட்ரிப் ஆகிவிடும் என்று நினைத்தால் தவறு. வீட்டு எம்சிபிகளுக்கான விதிப்படி, 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆனால் போதும். ஷார்ட் சர்க்யூட் என்றால் மட்டுமே உடனே விழும். அதனால்தான் வயரைக் கொஞ்சம் தாராளமாகத் தேர்வு செய்யணும்.

ஷாக் அடித்தால் ஃபியூஸ் காப்பாற்றுமா?

நம்ப முடியாது. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பகுதியே போதும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. இதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி தேவை. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கணும்.

எலக்ட்ரீஷியன்கள் கவனிக்க

* மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரால் சோதித்த பிறகே ஃபியூஸ் கட்டையில் கை வைக்கவும்.
* மீண்டும் மீண்டும் போனால், முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்கவும்.
* "பெரிய ஃபியூஸ் போடுங்க" என்று வீட்டுக்காரர் கேட்டால், உள்ளே ஓடுவது என்ன சைஸ் வயர் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லவும்.