முடிவு தெரியாத பையன்

சில வருஷங்களுக்கு முன் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நான் ஒரு புஸ்தகம் கொடுத்தேன். தப்பான புஸ்தகம். அதில் என்ன தப்பு என்பதை யோசித்துக்கொண்டு போனதில் 1896 வரை போகவேண்டியதாயிற்று.

பையன் திருவண்ணாமலையில் எங்கள் தெருவைச் சேர்ந்தவன். சுமாராக நன்றாகவே படித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. கேட்டதற்கு, அந்தப் பெயர் யாருடையது என்று தெரியவில்லை என்றானாம். பிறகு சாப்பாடு குறைந்தது. ஸ்நேகிதர்கள் நின்றுபோனார்கள். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கிரிவலப் பாதையில் தனியாக நடந்தான். வேறு ஊராக இருந்தால் டாக்டரிடமோ பூசாரியிடமோ கூட்டிப்போயிருப்பார்கள். இந்த ஊரில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. "ரமணரும் இந்த வயசுல இப்படித்தான் இருந்தாராம்" என்று அவன் பாட்டி என்னிடம் சொன்னாள். குரலில் பாதி பயம், பாதி பெருமை. நானும் நாலு எழுத்துப் படித்தவன் என்கிற ஹோதாவில் ரமணரின் வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தான்.

"நல்லா இருக்கு சார். ஆனா அவருக்கு என்ன ஆகப்போவுதுன்னு எழுதினவருக்கு மொதல் பக்கத்துலயே தெரிஞ்சிடுது. எனக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியலையே."

நம் சிறுபத்திரிகைகளில் உருவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். சரித்திரம் எழுதுகிறவனுக்கும் நாவல் எழுதுகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1896க்குப் போவோம். வெங்கடராமனுக்கு அப்போது பதினாறரை வயது. பிறந்தது 1879 டிசம்பர் 30, திருச்சுழியில். பன்னிரண்டு வயதில், 1892இல், அப்பா சுந்தரமய்யர் இறந்துபோனார். குடும்பம் இரண்டானது. அம்மாவும் சிறியவர்களும் மானாமதுரைக்கு. அவனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு. முதலில் ஸ்காட் மிடில் ஸ்கூல், பிறகு அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். கால்பந்து ஆடுவான், கோபக்காரன், தூங்கினால் எழுப்ப முடியாது. விழித்திருக்கும்போது அவனோடு மோதத் தைரியமில்லாத பையன்கள் தூக்கத்தில் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள். காலையில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வரலாற்றாசிரியர்கள் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என்னால் போக முடிவதில்லை. தன் உடம்புக்கு நேர்ந்தது தனக்குத் தெரியாமல் போகிற பையன் ஒருவன் இங்கே இருக்கிறான். அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே ஒரு நாவலாசிரியன் ஐம்பது பக்கம் போவான்.

ஜூலை நடுவில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று அவனைப் பிடித்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை விறைத்து நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை மூடிக்கொண்டு, இந்த உடம்பு செத்தால் எது மிஞ்சுகிறது என்று பார்த்தான். அதற்குப் பின் ஆறு வாரம். படிப்பில் நாட்டமில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, யார் வம்புக்கு இழுத்தாலும் கோபமில்லை, சாயங்காலமானால் மீனாட்சி கோயிலில் போய் நின்று அழுகை. வீட்டில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? பையன் கெட்டுப்போகிறான் என்றுதான். ஆகஸ்ட் 29 சனிக்கிழமை, பெயினின் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரும்படி விதித்த தண்டனையை எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். இப்படி இருக்கிறவனுக்குப் புஸ்தகமும் படிப்பும் எதற்கு என்று அண்ணன் கேட்டான். பையனுக்கு அது நியாயமாகப் பட்டது. மின்சாரத்தைப் பற்றி ஸ்பெஷல் வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பினான். அப்படியானால் என் காலேஜுக்குக் கட்ட ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போ என்று அண்ணனே வழிச்செலவுக்கும் வழி செய்தான். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டுப் போனான்.

கூடவே ஒரு சீட்டு எழுதி வைத்தான். நவீனத் தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யாரும் இந்தச் சீட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. முதல் வாக்கியத்தில் எழுதுகிறவன் 'நான்'. அடுத்த வாக்கியத்திலேயே அவன் 'இது' ஆகிவிடுகிறான். கடைசியில் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. பக்தர்கள் இதில் அகங்காரம் கரைவதைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், பின்னால் வந்த ஐம்பத்துநாலு வருஷ வாழ்க்கை அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டை முதலில் கையில் எடுத்த அண்ணனுக்கு அந்த ஐம்பத்துநாலு வருஷம் தெரியாது. தகப்பனைத் தேடிப் போவதாக எழுதியிருக்கிறது. தகப்பன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பையன் தன்னை 'இது' என்கிறான். பெயரைக் காணோம். அன்றைக்கு அந்த வீட்டில் யார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வேண்டியது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு விசித்திரம். மாடியறை அனுபவத்தை நாம் இன்று 'நான் இறக்கப் போகிறேன் என்று உணர்ந்தேன்' என்கிற ரீதியில் தன்மையில் படிக்கிறோம். இந்த வடிவம் 1931இல் பி.வி. நரசிம்ம சுவாமி இங்கிலீஷில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. அவர் நேர்மையானவர், ஒரு குறிப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்: சொன்ன சொற்கள் அப்படியே பதிவாகவில்லை, சுவாமி 'நான்', 'நீ' என்று தெளிவாகப் பேசுவதே அபூர்வம், தமிழும் அந்த மாதிரிப் பேச்சுக்கு இடம் கொடுக்கிற பாஷை. தமிழ்ப் பேச்சில் அநேகமாக இல்லாமலிருந்த 'நான்' இங்கிலீஷ் எழுத்தில் நுழைந்து, மொழிபெயர்ப்பின் வழியாக மறுபடி தமிழுக்கு வந்து நம் பொதுச்சொத்து ஆகியிருக்கிறது. 'நான் யார்' என்ற கேள்வியையே மையமாகக் கொண்ட ஒரு வாழ்க்கையின் ஆதார வாக்கியத்தில் அந்த 'நான்' யாருடைய கைவேலை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காலமும் கவனிக்கத்தக்கது. சிவப்பிரகாசம் பிள்ளை மலைமேல் போய்க் கேள்விகள் கேட்டதும், மௌனமாக இருந்த இளைஞர் எழுதிக் காட்டியதும் 1901, 1902 வாக்கில். (அது 'நான் யார்?' என்று அச்சில் வந்தது 1923இல்.) அதே சமயத்தில் எடின்பரோவில் வில்லியம் ஜேம்ஸ் மத அனுபவங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், மனமாற்றம் என்பது பெரும்பாலும் விடலைப் பருவத்து விஷயம் என்று ஸ்டார்பக் சேகரித்த வாக்குமூலங்களை அவர் எடுத்துப் பேசினார். 1904இல் ஸ்டான்லி ஹால் இரண்டு தடித்த பாகங்களில் அந்தப் பருவத்தைத் தனி ஆராய்ச்சித் துறையாகவே ஆக்கிவிட்டார். மேற்கே மனோதத்துவம் அந்த வயசை எடுத்துக்கொண்டது. பின்னாலேயே நாவலும் வந்தது. ஸாலிஞ்சர் 1951இல், பதினாறு வயசுப் பைத்தியத்தை மையமாக வைத்து ஜோவான் கிரீன்பெர்க் 1964இல், தானே பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது எழுத ஆரம்பித்த எஸ்.இ. ஹிண்டன் 1967இல். அதற்குப் பிறகு அது தனி ஜாதி, தனி அலமாரி, தனி வியாபாரம்.

நம்மிடம் பேதை, பெதும்பை என்று வயசுகளுக்குப் பெயர் உண்டு. உலாவில் அந்தப் பெண்கள் ராஜா தெருவில் போவதைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. பையன்களுக்கு மார்க்கண்டேயன் இருக்கிறான். பதினாறு வயசு, எதிரே எமன், லிங்கத்திலிருந்து சிவன். திருவண்ணாமலைக்கென்றே இன்னொரு கதை: வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரியை முருகன் கையில் ஏந்திக்கொண்டான். இந்த ஊரில் இதைக் கேட்காமல் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. நம் மரபில் இளம் வயசுக்காரனைச் சாவு வந்து தொடும்போதெல்லாம் மேலேயிருந்து ஒரு கை நீள்கிறது. கதை கேட்கிற பையனுக்கு அந்தக் கையைப் பற்றி எல்லாம் தெரியும். மேலே ஏறுவதற்கு முந்தின நாள் ராத்திரி அருணகிரி யாரிடம் பேசினான் என்பது தெரியாது.

வெங்கடராமன் விஷயத்திலும் இதுதான். 1896 செப்டம்பர் 1 காலை ரயிலிலிருந்து இறங்குகிறான். வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தாயிற்று. தலையை மழித்துக்கொண்டு ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அவர்களிடமிருந்து தப்பப் பாதாள லிங்கத்தின் இருட்டுக்குள் போனான். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. கல்லெறிந்தவர்களில் அவன் வயசுக்காரர்களும் இருந்திருப்பார்கள். வரலாற்றுக்கு அவர்கள் தேவையில்லை, ஒரு வாக்கியத்தில் வந்து போகிறார்கள். எனக்கென்னவோ நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது: தன்னைப்போலவே உள்ள ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து கல்லை எடுக்கிற பையனிடம். 1898 டிசம்பரில் பவளக்குன்றுக்கு வந்து, ஜடையும் அழுக்குமாக இருந்த பிள்ளையைப் பார்த்து அழுத அழகம்மாளிடமும் ஒரு நாவல் இருக்கிறது. இந்த மலைக்கு வந்துபோன சாமர்செட் மாம் 1944இல் ஒரு நாவல் எழுதினார். அதில் பெரியவர் இருக்கிறார், அவரைத் தேடி வரும் அமெரிக்க இளைஞன் இருக்கிறான். ஓடிவந்த மதுரைப் பையன் இல்லை.

தமிழில் அந்தப் பையன் வேறு வேறு உருவங்களில் கொஞ்ச காலத்துக்குள் அடுத்தடுத்து வந்தான். 1977இல் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த சந்திரசேகரன், ரஜாக்கர் காலத்துக் கலவரத்தில் ஓடி ஒளிந்த வீட்டில், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் தன்னையே கொடுக்க முன்வருவதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடுகிறான். கை எதுவும் நீளவில்லை. அவன் ஓடுவதோடு நாவல் நின்றுவிடுகிறது. 1980இல் ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்'. மலையடிவாரத்தில் கேட்ட கேள்விக்குக் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து ஒருவன் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லிப் பார்க்கிறான். போட்டுக்கொள்ளும் முகங்கள் கூடக்கூடப் பெயருக்கு அடியில் ஆள் குறைந்துகொண்டே போகிறான். புத்திசாலித்தனம் சில இடங்களில் துருத்திக்கொண்டு நின்றாலும் அந்தப் பதற்றம் நிஜம். எழுபதுகளில் அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. இந்தப் பட்டியலில் அதுதான் மிகச் சிறியது, ஒருவேளை மிகப் பயங்கரமானதும். வயதுக்கு வந்த கறுத்த பெண் எல்லாவற்றுக்கும் அம்மாவை நம்பிக் காத்திருக்கிறாள். அம்மா வந்து சொல்கிற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோகிறது. கொலையில் ரத்தமே கிடையாது. பையன்களின் நெருக்கடிக்கு மலையும் ரயிலும் இருந்தன. பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலை.

1982இல் பூமணியின் 'வெக்கை'. பதினைந்து வயசுச் சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். (2019இல் 'அசுரன்' சினிமாவாக வந்தபோது பையனை ஓரமாக நகர்த்திவிட்டு அப்பாவை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். சினிமாவின் நியாயம் அது.) நாவலில் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சோறாக்குகிறார்கள், தூங்குகிறார்கள், பழசைப் பேசுகிறார்கள். நீ செய்தது சரி என்றோ தப்பு என்றோ அப்பா உபதேசிப்பதில்லை, கூட நடக்கிறார். நம் இலக்கியத்தில் மேலேயிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்த கை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இவையெல்லாம் இளையோருக்காக எழுதப்பட்டவை இல்லை. நம்மில் ஒரு ஐந்நூறு பேருக்காக எழுதப்பட்டவை. அம்புலிமாமாவிலிருந்து ஒரு பையன் நேரே குமுதத்துக்குப் போனான். இடையில் இருந்த ஐந்தாறு வருஷத்தில் அவனுக்குப் பாடப்புத்தகம்தான். இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. குழந்தைகள் வெளியே சொல்லமுடியாத தொந்தரவைப் பற்றிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. நல்ல காரியம். ஆனால் பொதுவாக இந்த வகையில் வருபவற்றைப் பார்க்கும்போது ஒரு பயம் எனக்கு உண்டு. முன்பு கடவுள் நீட்டிய கையை இப்போது ஆலோசகர் நீட்டுகிறார். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வாழ்க்கையில் ஆலோசகர் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கதைக்குள் அவர் கூப்பிட்டவுடன் வந்து நிற்பதுதான் பிரச்சினை.

பையன் விஷயத்தில் பாட்டியும் நானும் சேர்ந்து சில மாசங்களை வீணாக்கினோம். ரமணரோடு ஒப்பிட்டதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது; எதுவும் செய்யாமல் காத்திருக்கலாம். கடைசியில் அவன் தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு, ஒருவரையும் கேட்காமல் வெளியூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷப் படிப்பு போயிற்று. மாத்திரையைப் பற்றி வெளியே பேசக்கூடாதென்று வீட்டில் கட்டளை; அதனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனே 'வெக்கை'யை உருவிப் பின்னட்டையைப் படித்தான். "கடைசில என்ன ஆகும் சார்?" என்றான்.

"கோர்ட்டுக்குப் போறாங்க. அதோட முடிஞ்சிடுது."

"தீர்ப்பு?"

"அது இல்ல."

எடுத்துக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.