கொல்லிமலையும் இசையாசிரியர் சிறப்பும்: ஓரியின் கொடை முதல் திருப்பதிய நிபந்தம் வரை

1. ஆய்வுப் பொருள்

இசையாசிரியரைச் சிறப்பித்தல் என்றதும் பொன்னாடை, பாதபூசை, குருபூர்ணிமைக் கச்சேரி ஆகியவையே இன்று நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆயினும் பழந்தமிழ்ச் சான்றுகளில் முன்னே நிற்பவை உணவும் பொன்னும் நெல்லும்தாம். பாடத் தெரிந்தவர் பசியின்றி வாழ வேண்டும். அவருக்குப் பின்னும் பாட ஓர் ஆள் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி செய்வதே ஆசிரியர் சிறப்பு என்று முன்னோர் கருதினர் என்பது இக்கட்டுரையின் துணிபு. முதலாவதைப் புறநானூறு கொல்லிமலையில் வைத்துக் காட்டுகிறது. இரண்டாவதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுச் சான்றாகிறது. கொல்லி என்ற பெயரையே தாங்கிய பண் ஒன்று இன்றும் பாடப்படுவது இந்த இரண்டாவது ஏற்பாட்டின் பயன்.

2. காட்டிடைப் பாடல்: புறம் 152

வல்வில் ஓரி கொல்லிமலைத் தலைவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணர் பாடிய புறம் 152 அவன் கொடையைப் போற்றும் பாட்டு என்றே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அதனுள் ஓர் இசைக்குழு தொழில்படும் விதமும் நுட்பமாகப் பதிவாகியிருக்கிறது. இத்தனை அண்மையிலிருந்து இசைக்குழுவைக் காட்டும் பாட்டுகள் சங்க இலக்கியத்தில் மிகச் சில.

வழிநடந்து களைத்த பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் ஓரியோ, வேறு யாரோ என்று ஐயுற்ற குழுத்தலைவன், தான் பாடப் போவதாகச் சொல்லி விறலியர்க்குக் கட்டளை இடுகிறான். முழவுக்கு மார்ச்சனை பூசச் சொல்கிறான். யாழில் பண்ணை நிறுத்தச் சொல்கிறான். யானைத் துதிக்கை போன்ற தூம்பையும், எல்லரியையும், ஆகுளியையும் இசைக்கச் சொல்கிறான். பதலை என்ற தோற்கருவிக்கு வரும்போது மட்டும், அதன் ஒரு கண்ணை மெல்ல இயக்குமாறு தனியே எச்சரிக்கிறான். அந்த ஒரு சொல்லில் ஆசிரியரின் காது தெரிகிறது. எந்தக் கருவி ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைப் பல காலம் உடனிருந்து பழக்கியவரே இப்படிச் சொல்ல முடியும்.

பின்னர் இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடிக்கிறார்கள். வலிவு, சமன், மெலிவு என்ற மூன்று நிலைக்கும் ஏழேழாக இருபத்தொன்று என்று பழைய உரை விளக்குகிறது. அரங்கும் அவையும் இல்லாத காட்டில், கேட்பவன் யாரென்று தெரியாத நிலையிலும் ஒரு துறையைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை. குருகுலப் பயிற்சிக்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். வேட்டுவனோ தன் புகழைக் கேட்டு நாணி, வேட்டையாடிய இறைச்சியும் தேறலும் தந்து, தன் மலைப் பொன்னையும் மணியையும் அந்த வழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான்.

இப்பாட்டை 1894-இல் பழைய உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் ஓர் இசை மரபின் பிள்ளை. அவர் தந்தையார் கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர், உ.வே.சா. தாமும் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசை கற்றார். தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லாததால் நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் பிள்ளையவர்களின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதியவர், பாரதியாரையும் கிருஷ்ணையரையும் பற்றியும் எழுதினார். இசையாசிரியர்க்கு மாணவர் செய்த சிறப்புகளில் இது உயர்ந்த ஒன்று.

3. கொடையின் எல்லை

புறம் 153-உம் வன்பரணர் பாட்டே. ஓரியிடம் அணிகலனும் யானையும் பெற்ற பாணர்கள் பசி நீங்கியதால் ஆடவும் மாட்டாராய்ப் பாடலையும் மறந்துவிட்டார்களோ என்று அது கேட்கிறது. வள்ளன்மையை மிகுத்துச் சொல்லும் உத்தி என்று உரையாசிரியர்கள் கொள்வர், அது சரியே. எனினும் அக்கேள்வியை அதன் சொற்பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒருமுறை அள்ளிக் கொடுப்பது கலைஞரின் பசியைத் தீர்க்கும். அவர் கலையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தாது.

கொடுத்தவனுக்கும் முடிவு வந்தது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூற்று 209-ஆம் பாட்டில் கல்லாடனார் குறிக்கிறார். ஒரு மனிதனின் உள்ளத்தை நம்பியிருந்த ஆதரவு அவனோடு போயிற்று.

மாணவர் கடமையைப் பாண்டியன் நெடுஞ்செழியன் புறம் 183-இல் வகுக்கிறான்: ஆசிரியர்க்கு ஓர் இடர் வந்தால் உதவ வேண்டும், மிக்க பொருள் தர வேண்டும், வழிபட்டு நிற்கச் சலிக்கக் கூடாது. நன்னூலார் ஆசிரியர்க்கு மலையை உவமையாக்கி, வறட்சியிலும் வளம் தருவதை அதன் இயல்பாகச் சொன்னார். ஆனால் மலையும் வறண்டு போகாமல் காப்பது யார் பொறுப்பு? நூல்களைவிடக் கல்வெட்டுகளே இதற்கு விடை தருகின்றன.

4. முக்குறுணி நெல்

முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் என்னும் தேவாரப் பதிகங்களைப் பாட 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்ததைச் சொல்கிறது. ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். தொகையைவிட அதன் பின் வரும் விதியே கவனிக்கத் தக்கது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை அவரே பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லாவிட்டால், எஞ்சிய பாடுநர் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறப்புரிமைக்கு இடம் உண்டு. ஆனால் பாடத் தெரியாத பிறப்புரிமைக்கு இடமில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் கடைசியில் பாடுபவர்களிடமே வருகிறது. ஓரியின் பொன்னால் செய்ய முடியாததை முக்குறுணி நெல் செய்தது.

5. கொல்லிப் பண்

நான்காம் திருமுறையின் முதற்பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. சூலைநோயோடு திருவதிகைக்கு வந்த நாவுக்கரசர், தமக்கை திலகவதியார் வழிகாட்டப் பாடியது அது. கொல்லிமலையிலுள்ள அறப்பள்ளியோ, தனிப்பதிகம் இன்றிப் பிற பதிகங்களில் பெயர் மட்டும் வரும் தேவார வைப்புத் தலம்.

கொல்லிப் பண்ணை ஓதுவார்கள் இன்று நவரோசு இராகத்தில் பாடுகிறார்கள். மேல் சட்சத்தைத் தொடாத இராகம் அது. மந்தரப் பஞ்சமத்தில் தொடங்கி நடுத்தாயிக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய உரைகாரர் சொன்ன மெலிவு நிலையில் குரல் நெடுநேரம் தங்க வேண்டும். ஓங்கிப் பாடிக் கைதட்டு வாங்கும் வழி இதில் இல்லை. எழுதி வைத்த சுரத்தைப் பார்த்து அந்தத் தாழ்ந்த பஞ்சமத்தைப் பிடித்துவிடலாம். அதில் எவ்வளவு மூச்சை நிறுத்துவது, எழுத்தை எங்கே நீட்டுவது என்பதை ஆசிரியர் எதிரில் அமர்ந்து பாடக் கேட்டே கற்க முடியும்.

பண்முறை மறைந்திருந்தபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியை எருக்கத்தம்புலியூரில் கண்டு அவளைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பண்ணிசைக்கு ஆசிரியராக அந்தப் புராணம் நிறுத்துவது ஒரு பாணர்குலப் பெண்ணை. 2021-இல் தமிழக அரசு கோயிலில் பெண் ஓதுவாரை நியமித்தபோது சிலர் வியந்தார்கள். அது பழைய கடன் ஒன்றைத் திருப்பிச் செலுத்தியதாகும்.

6. கொல்லிக்கு ஓர் ஏற்பாடு

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. அம்பெய்தவனுக்குச் சிலை பொருத்தமே. அவன் மலைப் பொன்னைப் பெற்ற பாணர் தலைவனுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். அறப்பள்ளியின் அறப்பளீசுவரர் கோயிலில் கொல்லிப் பண்ணை முதற்பாடமாகக் கற்பிக்க ஓதுவார் ஒருவரை அமர்த்தி, அவருக்கு மாத ஊதியமும், மலைவாழ் மாணவர் சிலருக்கு உணவும் உறைவிடமும் நிலையான வைப்புநிதியிலிருந்து கிடைக்கச் செய்யலாம். ஆசிரியர் ஓய்வு பெறும்போது அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாடத் தெரிந்தவர்கள் மட்டுமே இருக்க வேண்டும். அதற்குரிய விதிகள் தஞ்சைக் கல்வெட்டிலேயே எழுதப்பட்டுள்ளன. நெல்லுக்குப் பதிலாக ரூபாய் என்று மாற்றினால் போதும்.